மடிப்பு அவிழ்த்த பாவாடை

ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் புதிய மணமொன்று வீசத் தொடங்கும். பழுப்புத்தாள் அட்டை போட்ட குறிப்பேடுகளின் மணமும், கஞ்சி போகாத புதுத்துணியின் மணமும் கலந்த மணம் அது. திண்டுக்கல் கடைவீதியில் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சீருடைத் துணிக்காகக் கடை கடையாய் ஏறி இறங்குவர். தையற்காரரோ, "வியாழக்கிழமை கட்டாயம் கிடைக்கும் அம்மா" என்று மூன்று வியாழக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இரவு உணவுக்குப்பின் பெரியவர்கள் தம் பள்ளி நாட்களை நினைவுகூர, சிறுவர்கள் வாய்பிளந்து கேட்பர்.

அந்த நினைவுகளில் பெரும்பங்கு வகிப்பவை விந்தையான பள்ளி விதிகளும், அவற்றை நாம் வளைத்த வகைகளுமே. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் சீருடையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். சிரிப்பதற்கு உரியவை சில உண்டு. சிரித்தபின் நின்று எண்ணிப்பார்க்க வேண்டியவையும் சில உண்டு.

பெண்பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை. அதை மடித்துக் கட்ட ரிப்பன். ரிப்பனின் நிறம் பள்ளி சொன்ன நிறமே. மறந்துபோன நாளில் ஒரு ரிப்பனை நடுவே வெட்டித் தோழிகள் இருவர் பங்கிட்டுக்கொண்டதை எத்தனை பாட்டிமார் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர்! கொலுசு கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, பூச் சூடக் கூடாது. நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை கூடை கூடையாய் வந்து குவியும் இந்த வட்டாரத்தில், பூச் சூடாதே என்று ஒரு சிறுமியிடம் சொல்வது கடற்கரைப் பிள்ளையிடம் அலையில் கால் நனைக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். எனவே பூ, உணவுத் தூக்கின் மூடிக்குள் ஒளிந்து பள்ளிக்குச் சென்றது. மாலை மணி அடித்து, வாயிலைத் தாண்டிய மறுகணம் சடையில் ஏறியது. சில நேரங்களில் புளிசாதத்தின் வாடையும் அதனோடு சேர்ந்தே ஏறியது.

ஆண்பிள்ளைகளின் கதை வேறு. உடற்பயிற்சி நாளன்று வெள்ளைக் கான்வாஸ் காலணி அணிய வேண்டும். அதற்குப் பூசும் வெள்ளைப் பூச்சு வாங்கக் காசு இல்லாதவன், கரும்பலகையின் அடியில் கிடந்த சாக்கட்டித் துண்டைப் பொறுக்கி, எச்சில் தொட்டுத் தேய்த்தான். வரிசையில் நிற்கும்போது பளிச்சென்றிருந்த காலணி, 'இடம், வலம்' என்று மிதிக்கத் தொடங்கியதும் மாவு அரைக்கும் இயந்திரம்போல் வெண்புகை கிளப்பிற்று. சட்டையின் மேல்பொத்தான் அறுந்துபோனவன் ஊக்கை உட்புறமாகக் குத்தி மறைத்தான். ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றில் தமிழில் பேசினால் தண்டக்காசு கட்ட வேண்டும் என்றொரு விதி இருந்தது. தமிழ் மண்ணில், தமிழ்ப் பிள்ளைகள், தாய்மொழியில் தண்ணீர் கேட்டதற்குக் காசு கட்டியதை எண்ணினால் சிரிப்பு வருகிறது; சற்றுப் பொறுத்து அந்தச் சிரிப்பு நின்றும் போகிறது.

இத்தகைய விதிகள் பலவற்றுக்குக் காரணம் கேட்டால், "அதுதான் விதி" என்ற விடையே கிடைத்தது. ஆயினும் சீருடைக்கு உண்மையாகவே ஒரு காரணம் உண்டு. அதை அறிந்துகொண்டால்தான் எந்த வளைவு குற்றம், எந்த வளைவு குற்றமன்று என்று நம்மால் பிரித்தறிய இயலும்.

பள்ளிச் சீருடையின் பழைமையான எடுத்துக்காட்டாகப் பலரும் குறிப்பிடுவது, இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டு 1552-இல் இலண்டனில் நிறுவிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பள்ளியாகும். ஆதரவற்ற ஏழைச் சிறுவர்களுக்காக எழுந்த அப்பள்ளியில் நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் அணிவித்தனர். நீலச்சாயம் அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தது என்பர். எனவே சீருடை அன்று ஏழைக்குத் தரப்பட்ட ஆடையாயிருந்தது. 'இவன் தருமத்தில் வளர்பவன்' என்று ஊருக்குக் காட்டும் அடையாளமாகவும் இருந்தது.

நம் தமிழகத்தில் சீருடை பரவிய வரலாறு இதற்கு நேர்மாறானது. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அப்போது பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்மக்களே முன்வந்து தம் பள்ளிக்குக் கரும்பலகையும் நாற்காலியும் வழங்கினர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் வழங்கினர். பண்ணையார் மகன் பட்டுச்சட்டையிலும், கூலியாளின் மகன் கிழிந்த துண்டிலும் ஒரே பலகையில் அமர்ந்தால், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் துணியே கூவிச் சொல்லும். இருவருக்கும் ஒரே ஆடை அணிவித்தால், அந்தக் குரல் சிறிதேனும் அடங்கும். இதுவே இங்குச் சீருடை வளர்ந்த காரணம்.

பின்னர் 1985-இல், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே விலையின்றிச் சீருடை வழங்கும் திட்டம் வந்தது. 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை என்று அது விரிந்தது. துணியை நெய்பவர்கள் கூட்டுறவுச் சங்க நெசவாளர்கள். தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர். ஆகவே ஓர் அரசுப் பள்ளிச் சிறுவனின் சட்டையில் நெசவாளர் குடும்பம் ஒன்றின் உழைப்பும், தையல் மிதித்த ஒரு தாயின் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. புதிய பயண அட்டை கைக்கு வரும்வரை, சீருடையில் வரும் மாணவரைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்லும்படி அரசுப் பேருந்து நடத்துநர்களுக்குப் பல ஆண்டுகளில் அறிவுரை தரப்பட்டதுண்டு. கையில் காசில்லாத பிள்ளைக்குச் சட்டையே பயணச்சீட்டாய் அமைந்தது.

இத்துணை நன்மை உடையதாயினும், சீருடை வாங்கித் தரும் ஆற்றல் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் இருந்ததில்லை. நான்கு இணை கிடைக்காத அந்நாட்களில் நம் அன்னையர் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. "வளருகிற பிள்ளை" என்று சொல்லி, பாவாடையை இரண்டு சாண் நீளம் கூட்டித் தைக்கச் சொல்வர். மிகுதியை உட்புறம் மடித்து ஓரம் தைப்பர். ஆண்டுக்கு ஒரு மடிப்பாக அவிழ்ப்பர். வெயிலிலும் சலவைக் கல்லிலும் வெளுத்துப்போன நீலத்தின் அடியில், மடிப்புக்குள் ஒளிந்திருந்த கருநீலம் ஒரு பட்டையாய்த் தோன்றும். எட்டாம் வகுப்புக்கு வரும்போது அத்தகைய பட்டைகள் இரண்டு மூன்று இருக்கும். மரத்தின் வயதை அதன் வளையங்களில் அறிவதுபோல், ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் அந்த ஒரே பாவாடையில் படித்தாள் என்பதை அந்தப் பட்டைகளை எண்ணியே அறியலாம். 'சீருடை ஒரே நிறமாய் இருக்க வேண்டும்' என்னும் விதியை அப்பாவாடை மீறிற்று என்பது உண்மையே. ஆனால் அந்த மீறலில் ஒரு தாயின் கணக்கும் கண்ணீரும் மறைந்திருந்தன.

சிறுமலையைச் சேர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். திண்டுக்கல்லிலிருந்து ஏறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் காயும்போது மேலே மஞ்சு சூழ்ந்திருக்கும். வாழையும் மிளகும் காப்பியும் எலுமிச்சையும் விளையும் அம்மண்ணில், தோட்டத்துப் பாதைகளில் குதிரைகளே பொதி சுமந்து வந்தன. புதூரிலும் பழையூரிலும் தென்மலையிலும் பிறந்து, மேல்வகுப்புக்காகக் கீழே இறங்கி, நகரத்து விடுதிகளில் தங்கிப் படித்தோர் இன்று நம் பங்குகள் பலவற்றில் தாத்தாக்களாய் இருக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைமேல் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது என்பதை அவர்களிடம் கேட்டறியலாம்.

நாம் பயின்ற காலத்தில் கண்ட நிகழ்ச்சி ஒன்று. விடுமுறைக்கு மலைக்குச் சென்ற மாணவன் ஒருவன் திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் இறங்கி நேரே பள்ளிக்கு வந்தான். அவனிடம் இருந்த காக்கிக் கால்சட்டை ஒன்றே. அது அடுப்படியில் கட்டிய கொடியில் தொங்கியும் காயவில்லை. எனவே தந்தையின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். காலை வழிபாட்டின்போது உடற்பயிற்சி ஆசிரியரின் கண்ணில் அந்த வேட்டி பட்டது. அவன் வரிசையிலிருந்து வெளியே அழைக்கப்பட்டான். வரிசையில் நின்றோர் சிரித்தனர். "சீருடையில் வா, இல்லையேல் வராதே" என்று திருப்பி அனுப்பப்பட்டான். அடுத்த பேருந்து பிடித்து, அதே வளைவுகளில் ஏறித் திரும்பினான். அன்று வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதப்பட்டது. இருட்டில் எழுந்து, மலையிறங்கி, பள்ளி முற்றத்தில் வந்து நின்றவன் அவன்! தை பிறந்து மிளகு பறிப்புத் தொடங்கியபோது அவன் படிப்பை நிறுத்திவிட்டான். அதற்கு வீட்டுச் சூழலும் காரணமாயிருக்கலாம். ஆயினும் அந்தச் சிரிப்பொலி அவனை மீண்டும் அழைத்துவரும் ஒலியாக இருந்திருக்க வழியில்லை.

ஏழ்மையை மறைப்பதற்காக வந்த ஆடை, அங்கே ஒருவனின் ஏழ்மையை நானூறு பேர் நடுவே திறந்து காட்டிற்று. இங்கே விதியை மீறியவர் யார் என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் வேறொரு பள்ளியில் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவரையும் நாம் அறிவோம். அவருடைய மேசை இழுப்பறையில் பழைய ரொட்டித் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ரிப்பன்கள், பொத்தான்கள், ஊக்குகள், ஊசியும் நூலும், சீப்பு ஒன்று. ரிப்பனின்றி வந்த சிறுமியை அவர் அருகில் அழைப்பார். மற்றவர்களைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, முதுகுப்புறம் திருப்பி நிறுத்திச் சடையை மடித்துக் கட்டிவிடுவார். "ஏன் மறந்தாய்?" என்ற கேள்வி எழாது. மறுநாள் அந்த ரிப்பன் துவைக்கப்பட்டு, நீவப்பட்டு, பெட்டிக்குத் திரும்பிவரும். அவ்வகுப்பில் எல்லாரும் எப்போதும் முழுச் சீருடையில் இருந்தனர், தண்டிக்கப்பட்டவர் எவருமிலர். விதி அங்கே மிகக் கண்டிப்பாகவே நிறைவேறிற்று என்பதை மறுக்க யாரால் இயலும்?

விதிகள் அளவு கடந்து போவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. சப்பான் நாட்டின் ஒசாகா மாநிலத்தில், இயற்கையாகவே பழுப்பு நிறக் கூந்தல் கொண்ட மாணவி ஒருத்தியைக் கருஞ்சாயம் பூசிவரும்படி பள்ளி மீண்டும் மீண்டும் வற்புறுத்திற்று. 2017-இல் வழக்கு நீதிமன்றம் சென்றது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கூந்தல் நிறம்பற்றி விதி வகுக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு என்றே நீதிமன்றம் கூறிற்று. ஆனால் அவள் பள்ளிக்கு வராமற்போனபின் வகுப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கியதும், அவளுடைய இருக்கையை அகற்றியதும் தவறு என்று கூறி, 3,30,000 யென் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நம் சிறுமலை மாணவனின் பெயருக்கு நேரே எழுதப்பட்ட 'வரவில்லை' என்னும் சொல்லை இங்கு நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. இத்தகைய விதிகள்பற்றி அந்நாட்டில் எழுந்த விவாதத்தின் பயனாக, தோக்கியோ மாநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரல் முதல் கருங்கூந்தல் விதியைக் கைவிட்டன.

இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் நடந்தது சிரிப்பூட்டும் நிகழ்ச்சி. 2017 ஜூனில் கடும் வெயில். இஸ்கா அகாடமி என்னும் பள்ளியில் மாணவர்கள் அரைக்கால்சட்டை அணிய இசைவு கேட்டனர், கிடைக்கவில்லை. ஆனால் பாவாடைக்குச் சீருடை விதியில் இடமிருந்தது. ஆகவே பையன்கள் பலர் பள்ளிச் சீருடைப் பாவாடையை அணிந்துகொண்டு அணியணியாய்ப் பள்ளிக்கு வந்து நின்றனர்! விதியை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தே விதியின் குறையைக் காட்டிவிட்டனர். அடுத்த ஆண்டு முதல் அரைக்கால்சட்டைக்கு இடமளிப்பதாகப் பள்ளி அறிவித்தது.

காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப உடை மாறுவதில் இழுக்கு ஏதுமில்லை என்பதை நம் துறவற சபைகளே நமக்குக் காட்டியுள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் துறவற வாழ்வைப் புதுப்பித்தல்பற்றி வெளியிட்ட ஆணையில், துறவியரின் உடை எளிமையும் அடக்கமும் உடையதாயும், உடல்நலத்துக்கும் காலம், இடம் ஆகியவற்றுக்கும் பொருந்துவதாயும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து வலியுறுத்தப்பட்டது. அதன்பின் நம் நாட்டில் அருட்சகோதரிகள் பலர் கனத்த அங்கியை விடுத்துச் சேலை உடுத்தலாயினர். அவர்களுடைய அர்ப்பணம் அதனால் குறைந்துவிடவில்லை. நம் மாநிலத்தில் மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் வழங்கும் திட்டம் பின்னர் வந்ததும் இத்தகைய அறிவின் பயனே. குளிரில் நடுங்கும் பிள்ளை மேலே ஒன்றை அணிந்துகொள்வது ஒழுங்கீனமன்று என்பதை விதியே ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயின் எந்த வளைவையும் நாம் பொறுத்துக்கொள்ளலாமா? கூடாது. பொறுக்கவே கூடாத ஒன்று உண்டு.

தென்மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் கையில் நிறநிறமாய்க் கயிறு கட்டிவரும் வழக்கம் நெடுநாளாய் உள்ளது. பார்ப்பவருக்கு அது விளையாட்டாகவோ நேர்த்திக்கடனாகவோ தோன்றலாம். ஆனால் இன்ன நிறம் இன்ன சாதி என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் பயின்ற மாணவர்களாலேயே தம் வீட்டில் வெட்டப்பட்ட கொடுமை நம் அனைவரையும் உலுக்கிற்று. அதையடுத்துத் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக்குறிகள் ஆகியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்னும் பரிந்துரையும் இடம்பெற்றது.

ஒரு முழக் கயிறு முழுச் சீருடையையும் வீணாக்கிவிடுகிறது. சட்டை 'நாம் ஒன்று' என்று சொல்ல, மணிக்கட்டு 'நீ வேறு, நான் வேறு' என்று சொல்கிறது. மடிப்பு அவிழ்த்த பாவாடையையும் இந்தக் கயிற்றையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. முன்னது வேற்றுமையை மறைக்க ஓர் ஏழைத்தாய் செய்த முயற்சி. பின்னது மறைந்த வேற்றுமையை மீண்டும் வெளிக்கொணரும் முயற்சி. ஆயினும் பல பள்ளிகளில் பாவாடைக்காரிக்கு வசையும், கயிற்றுக்காரனுக்குக் கண்டுங்காணாமையும் கிடைத்து வந்தன என்பது வருந்தத்தக்கது. நம் பங்குகளிலும் சாதிப் பிரிவினை முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை அந்தக் கயிற்றைப் பள்ளியில் கண்டெடுக்கவில்லை. திருவிழாக் காலத்திலோ தெருமுனையிலோ பெரியவர் ஒருவர்தாம் கட்டிவிடுகின்றார்.

ஆகவே இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றைச் செய்யலாம். முதலாவதாக, சென்ற ஆண்டு அணிந்து சிறிதாகிப்போன சீருடையைப் பழந்துணிக்காரரிடம் போடாமல், துவைத்து, பொத்தான் தைத்து, அதே பள்ளியில் கீழ்வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குச் சேர்ப்பிக்கலாம். கொடுப்பதை மாலை மங்கியபின் வீட்டில் சென்று கொடுத்தல் நன்று. பிள்ளைகள் காணக் கொடுத்தால் மறுநாள் பள்ளியில் அது பேச்சாகிவிடும். இரண்டாவதாக, பள்ளிப் பொறுப்பில் உள்ளோர் ஒவ்வொரு வகுப்பிலும் அந்த ரொட்டிப்பெட்டி போன்ற ஒன்றை வைக்கலாம். ரிப்பனும் பொத்தானும் எவரையும் ஏழையாக்கிவிடா. சீருடையின்றி வந்த பிள்ளையின் காரணத்தைத் தனியே அழைத்துக் கேட்டல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையைப் போலவே மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர். மூன்றாவதாக, பெற்றோராகிய நாம் நம் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். அங்கே கயிறு இருந்தால், "இது யார் கட்டியது? எதற்காக?" என்று அன்போடு கேட்டு, நம் கையாலேயே அவிழ்த்துவிட வேண்டும்.

பூவை உணவுத் தூக்கில் ஒளித்த சிறுமியரும், சாக்கட்டியால் காலணி வெளுத்த சிறுவரும் என்றும் இருப்பர். அவர்களைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். அத்தகைய சிறு குறும்பால் பள்ளி எதுவும் இடிந்து விழுந்ததில்லை. ஆனால் நாளைக் காலை வழிபாட்டு வரிசையில், ஈரச் சட்டையோடோ வேறு நிறப் பாவாடையோடோ ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்குமாயின், அது ஏறி இறங்கி வந்த வளைவுகளை முதலில் எண்ணிப் பார்ப்போம். வருகைப் பதிவேட்டில் 'வந்தான்' என்று எழுதிவிட்டு, பிறகு சட்டையைப் பற்றிப் பேசுவோம்.